‘ஷல்’ என்னும் ஆங்கிலத் துணைவினை: பொருளும் வழக்கும் தமிழ் இணைகளும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத் துணைவினைகளுள் ‘ஷல்’ என்பது பேச்சு வழக்கில் அருகியும் சட்ட வழக்கில் நிலைபெற்றும் வரும் சொல்லாகும். பள்ளி இலக்கணங்கள் இதனைத் தன்மையிடத்து எதிர்காலக் குறியாகக் கற்பிக்கின்றன. சட்டம் பயில்வோர் இதனைக் கட்டாயத்தின் குறியாகக் கொள்கின்றனர். இவ்விரு கருத்துகளும் குறையுடையன. இச்சொல்லின் பிறப்பு, இதனைப் பற்றிய இலக்கண விதியின் வரலாறு, இதற்கு ஒருபொருட் சொற்களாகக் கொள்ளப்படுவனவற்றின் வேறுபாடு, நீதிமன்றங்கள் இதற்குப் பொருள்கொண்ட முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் ‘கடவது’, ‘வேண்டும்’, ‘ஆகாது’, வியங்கோள், எதிர்கால வினைமுற்று ஆகியவை இதற்கு இணையாக நிற்கும் இடங்களையும் நில்லாத இடங்களையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: துணைவினை, ஷல், கடவது, வேண்டும், வியங்கோள், சட்டத்தமிழ், மொழிபெயர்ப்பு

முன்னுரை

தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்ற பல தலைமுறையினர் ஒரு வாய்பாட்டை மனப்பாடம் செய்துள்ளனர். தன்மைக்கு ‘ஷல்’, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் ‘வில்’ என்பது அவ்வாய்பாடு. ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கண நூலைப் பின்பற்றிய வகுப்பறைகளில் இது ஐயத்துக்கு இடமற்ற விதியாகவே சொல்லப்பட்டு வந்தது. அவ்வாறு கற்ற மாணவர் பின்னர்ச் சட்டக் கல்லூரியிலோ அரசு அலுவலகத்திலோ ஆங்கிலச் சட்டம் ஒன்றைப் படிக்கும்போது, படர்க்கையில் எங்கும் ‘ஷல்’ பயின்று வருவதைக் காண்கிறார். அங்கே எதிர்காலம் பேசப்படவில்லை என்பது அவருக்கு எளிதில் புலப்படும். ஆனால் அதே ‘ஷல்’ ஓரிடத்தில் மீறக்கூடாத கட்டளையாகவும் வேறோரிடத்தில் மீறினாலும் செயலைக் கெடுக்காத வழிகாட்டலாகவும் நீதிமன்றங்களால் கொள்ளப்படுவது எதனால் என்பது எளிதில் விளங்குவதன்று. மொழிபெயர்ப்பாளருக்கு இது மேலும் கடினம். ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் மறைத்து வைத்த பொருள்களைத் தமிழ் வெவ்வேறு வினைமுடிபுகளாக வெளிப்படுத்தியாக வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பு

‘ஷல்’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் ‘ஷெயல்’ என ஒலித்தது. அதன் முதற்பொருள் ‘கடன்பட்டிருத்தல்’ என்பதாகும். பழைய ஆங்கிலத்தில் அமைந்த நற்செய்தி மொழிபெயர்ப்பில், லூக்கா நற்செய்தியின் உக்கிராணக்காரன் ‘என் தலைவருக்கு நீ எவ்வளவு கடன்பட்டிருக்கிறாய்’ என வினவும் இடத்தில் இவ்வினையே முதன்மை வினையாக நிற்கிறது. அங்கே அதற்குப் பின் வேறு வினை இல்லை. செலுத்த வேண்டிய பொருளே அதன் செயப்படுபொருள். பதினான்காம் நூற்றாண்டில் சாசர் எழுதிய டிராய்லஸ் காவியத்திலும், இறைவனுக்குத் தான் கடன்பட்ட நம்பிக்கையின் மீது ஆணை என்னும் பொருளில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. செருமானிய மொழியில் இதன் உறவுச்சொல்லான ‘ஸோலன்’ இன்றும் கடமையைக் குறிக்கிறது. ‘ஷுல்ட்’ என்னும் பெயர்ச்சொல் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கிறது. டச்சு மொழியின் ‘ஸுலன்’ பெரிதும் எதிர்காலக் குறியாகிவிட்டது. ஒரே வேர் ஒரு மொழியில் கடமையாகவும் அண்டை மொழியில் காலமாகவும் நிற்க, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இடையே ஊசலாடுகிறது.

இச்சொல் படர்க்கை ஒருமையிலும் ‘ஸ்’ விகுதி ஏற்பதில்லை. இதற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. கேன், மே, ஷல் போன்றவற்றின் நிகழ்கால வடிவங்கள் தொல் செருமானியத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்தவை. அக்காலத்து இறந்தகால வினை படர்க்கை விகுதி பெறாததால் இவையும் பெறவில்லை. பழைய இறந்தகாலம் நிகழ்காலமாகிவிட்டபின் புதிய இறந்தகாலம் ஒன்று தேவைப்பட்டது. அவ்வாறு எழுந்ததே ‘ஷுட்’. இக்குழுவின் பிற வினைகளும் பொருளளவில் நெடுந்தொலைவு நகர்ந்துள்ளன. ‘கேன்’ முதலில் அறிதலையும், ‘மே’ வலிமையையும் குறித்தன. ‘மஸ்ட்’ என்பது இசைவைக் குறித்த ‘மோட்டன்’ என்னும் வினையின் இறந்தகாலமாகும். இன்று கட்டாயத்தின் உச்சமாகக் கருதப்படும் சொல் ஒருகாலத்தில் ‘செய்யலாம்’ எனும் பொருளுடையதாக இருந்தது என்பதைச் சட்டச்சொற்களின் பொருள் நிலையானது என வாதிடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘வில்’ என்பது இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து வந்தது. அதன் வேர்ப்பொருள் விருப்பம். ஆகவே ஆங்கில எதிர்காலம், புறத்திலிருந்து வரும் கடப்பாட்டைக் குறித்த சொல், அகத்தில் எழும் விருப்பத்தைக் குறித்த சொல் ஆகிய இரண்டின் தேய்வால் உருவானது. ஆங்கிலத்துக்குத் தொடக்கத்தில் எதிர்காலத்துக்கெனத் தனி வினைவடிவம் இல்லை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விக்ளிஃப் குழுவினர் விவிலியத்தை இலத்தீனிலிருந்து பெயர்த்தபோது, இலத்தீன் எதிர்காலத்துக்குப் பெரும்பாலும் ‘ஷல்’ என்பதையும் விருப்ப வினைக்கு ‘வில்’ என்பதையும் ஆண்டனர். ‘ஷல்’ எதிர்காலக் குறியானதில் மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு எனக் கருத இது இடம் தருகிறது.

தன்மை, படர்க்கை விதியின் வரலாறு

வகுப்பறை வாய்பாட்டின் முதல் வடிவம் ஜான் வாலிஸ் 1653இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் காணப்படுகிறது. வாலிஸ் கணித அறிஞர். நூலை இலத்தீனில் எழுதினார். ஆங்கிலம் அறிய விழைந்த பிற நாட்டினரை மனத்திற்கொண்டு எழுதினார். தன்மையில் ‘ஷல்’ வெறும் முன்னறிவிப்பு, ‘வில்’ உறுதிமொழி அல்லது அச்சுறுத்தல்; முன்னிலை படர்க்கைகளில் இது தலைகீழாகும் என்பது அவர் வகுத்த முறை. பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் வார்டு இதனை விரித்தார். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் பள்ளிகள்தோறும் பரப்பியது. ஃபௌலர் உடன்பிறந்தார் 1906இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பல பக்கங்களை ஒதுக்கி, தென் இங்கிலாந்தில் பிறந்தோர்க்கு இது இயல்பாக வரும், ஏனையோர்க்குக் கைவருதல் அரிது என்னும் கருத்தை முன்வைத்தனர். இயல்பாக வருவோர்க்குத் தேவையற்றதாகவும் தேவைப்படுவோர்க்குக் கைவராததாகவும் உள்ள விதி, விதி என்னும் பெயருக்கு உரியதா என்பது ஐயம்.

இவ்விதியை விளக்க ஆங்கில ஆசிரியர்கள் பழங்கதை ஒன்றைச் சொல்வதுண்டு. நீரில் விழுந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், ‘மூழ்கிவிடுவேன், யாரும் காப்பாற்ற மாட்டார்கள்’ என்னும் கருத்தில் அலறினார். அவர் தம் நாட்டு வழக்கப்படி தன்மைக்கு ‘வில்’, படர்க்கைக்கு ‘ஷல்’ என ஆண்டதால், கரையில் நின்ற ஆங்கிலேயர்கள் ‘மூழ்கியே தீருவேன், எவரும் என்னைக் காப்பாற்றலாகாது’ எனப் பொருள்கொண்டு அவர் விருப்பத்தை மதித்துச் சும்மா இருந்தனராம். கதை நகைப்புக்குரியது, ஆனால் தமிழில் சொல்லும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. ‘மூழ்கிவிடுவேன்’, ‘மூழ்கியே தீருவேன்’ என்பனவும் ‘காப்பாற்ற மாட்டார்கள்’, ‘காப்பாற்றலாகாது’ என்பனவும் எந்தக் கரையில் நிற்பவர்க்கும் மயக்கம் தருவதில்லை. இட வேறுபாட்டைக் கொண்டு ஆங்கில இலக்கணிகள் பிரிக்க முயன்ற பொருள்களைத் தமிழ் வினைமுடிபுகளைக் கொண்டே பிரித்துவிடுகிறது.

உண்மை வழக்கு இவ்விதிக்கு எக்காலத்தும் முழுமையாக உடன்பட்டதில்லை. சார்லஸ் ஃபிரீஸ் 1925இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில, அமெரிக்க நாடகங்களின் உரையாடல்களில் இவ்விரு சொற்களும் வரும் இடங்களைக் கணக்கிட்டு, வாய்பாடு அங்கே ஆட்சி செலுத்தவில்லை எனக் காட்டினார். 1940 சூன் 4 அன்று சர்ச்சில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையின் இறுதியில், போரிடுவோம் எனப் பன்முறை அடுக்கிய இடத்தில் தன்மையில் ‘ஷல்’ என்பதே வருகிறது. வாய்பாட்டின்படி அது உணர்ச்சியற்ற முன்னறிவிப்பாக இருந்திருக்க வேண்டும். கேட்டவர் எவரும் அவ்வாறு கொள்ளவில்லை. 1942இல் பிலிப்பைன்ஸை விட்டு வெளியேறிய மெக்காதர் திரும்பி வருவதாக உறுதியளித்தபோதும் இச்சொல்லையே தேர்ந்தார். அமெரிக்கக் குடிமை உரிமை இயக்கத்தின் புகழ்பெற்ற பாடல் முதலில் ‘வில்’ என்னும் சொல்லோடு பாடப்பட்டுப் பின்னரே ‘ஷல்’ என மாறியது. அரிதான சொல் என்பதாலேயே அது அழுத்தம் பெற்றது. 1961, 1991 ஆகிய ஆண்டுகளின் அச்சு ஆங்கிலத் தொகுப்புகளை ஒப்பிட்ட ஆய்வுகள், இம்முப்பது ஆண்டுகளில் இதன் ஆட்சி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததைக் காட்டுகின்றன.

வினாவில் மட்டும் தன்மை ‘ஷல்’ பேச்சிலும் உயிரோடுள்ளது. கேட்பவரின் விருப்பத்தை அறிய எழும் வினா அது. தமிழில் ஒருமைக்குப் ‘போகட்டுமா’ என்பதும், கேட்பவரையும் உளப்படுத்திய பன்மைக்குப் ‘போகலாமா’ என்பதும் இதற்கு நேராகும். ‘போவேனா’ எனப் பெயர்த்தால் பொருள் கெடும்.

ஒருபொருட் சொற்கள் எனப்படுவன

அகராதிகள் ‘ஷல்’ என்பதற்கு வில், மஸ்ட், ஹேவ் டு, இஸ் டு, ஆட் டு ஆகியவற்றை ஒருபொருட் சொற்களாகத் தருகின்றன. இவை ஒன்றற்கொன்று மாற்றாக நிற்கும் இடங்கள் குறைவு. ‘மஸ்ட்’ பெரும்பாலும் பேசுபவரே விதிக்கும் கட்டாயத்தையும், ‘ஹேவ் டு’ புறச்சூழல் விதிக்கும் கட்டாயத்தையும் குறிக்கும். ‘இஸ் டு’ முன்னரே வகுக்கப்பட்ட ஏற்பாட்டைக் குறிக்கும். ‘மஸ்ட்’ ஊகத்துக்கும் வரும். ‘அவர் வந்திருக்க வேண்டும்’ எனத் தமிழ் ‘வேண்டும்’ ஊகத்துக்கு வருவதை இதனோடு ஒப்பிடலாம். ‘ஷல்’ ஊகப்பொருளில் வருவதில்லை. ‘ஆட்’ என்பது கடன்படுதலைக் குறிக்கும் ‘ஓ’ என்னும் வினையின் பழைய இறந்தகாலம். எனவே ஆங்கிலத்தின் கடமைச் சொற்களுள் இரண்டு கடனிலிருந்து பிறந்தவை. ஒன்று கட்டளையாகி இறுகியது, மற்றொன்று அறிவுரையாகி நெகிழ்ந்தது.

தொழில்நுட்ப ஆவணங்கள் இம்மயக்கத்தை ஆணையிட்டே நீக்கிவிட்டன. பன்னாட்டுத் தர அமைப்பின் விதிமுறையில் ‘ஷல்’ தேவையையும், ‘ஷுட்’ பரிந்துரையையும், ‘மே’ இசைவையும், ‘கேன்’ இயலுமையையும் மட்டுமே குறிக்கும். இணைய நெறிமுறைகளுக்காக ஸ்காட் பிராட்னர் 1997 மார்ச்சில் எழுதிய 2119ஆம் எண் ஆவணம் ‘மஸ்ட்’, ‘ஷல்’ இரண்டையும் ஒரே பொருளினவாக வரையறுத்தது. வரையறை முன்னே நிற்பதால் அங்கே வழக்காடல் இல்லை. சட்டத்தில் நிலைமை வேறு.

நீதிமன்றத்தில் ‘ஷல்’

பிரிட்டன் பிரபுக்கள் அவை 1880இல் தீர்த்த ஜூலியஸ் எதிர் ஆக்ஸ்ஃபோர்டு ஆயர் வழக்கு இச்சொல்லின் சிக்கலை நன்கு காட்டுகிறது. ‘இவ்வாறு செய்வது சட்டத்துக்கு உட்பட்டதாகும்’ என்னும் கருத்துடைய தொடரில் ‘ஷல்’ வந்திருந்தது. அதைக் கொண்டு ஆயர் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என வாதிடப்பட்டது. அத்தொடர் அதிகாரம் வழங்குகிறதேயன்றிக் கடமை சுமத்தவில்லை என்றும், அதிகாரத்தோடு கடமை இணைகிறதா என்பதைச் சட்டத்தின் நோக்கமும் சூழலும் காட்ட வேண்டும் என்றும் அவை முடிவு செய்தது. அங்கே ‘ஷல்’ வினையின் பொருள் ‘ஆகும்’ என்பதே, ‘வேண்டும்’ அன்று.

இந்திய வழக்குகளுள் 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த உத்தரப் பிரதேச அரசு எதிர் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கு முதன்மையானது. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாய்வது பற்றி அரசமைப்பின் 320(3) பிரிவு ‘ஷல்’ கொண்டே பேசுகிறது. கலந்தாய்வு முறையாக நிகழாததால் தண்டனை செல்லாது என ஊழியர் வாதிட்டார். ஆணையத்தின் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது; எவ்வெப்பொருள்களில் கலந்தாய்வு தேவையில்லை என விதி வகுக்க அப்பிரிவே இடம் தருகிறது; மீறினால் விளைவு என்ன என்பதை அது சொல்லவில்லை. இவற்றைக் காட்டி, இந்த ‘ஷல்’ கட்டாயப் பொருளது அன்று, வழிகாட்டும் பொருளது என நீதிமன்றம் கூறியது. ஒரு துணைவினையின் பொருள் ஒருவரது பணிவாழ்வைத் தீர்மானித்தது. 1960இல் பாபு ராம் உபாத்யாயா வழக்கில் நீதிபதி சுப்பா ராவ், ‘ஷல்’ முதற்பார்வையில் கட்டாயத்தைக் குறிக்கும் எனினும், சட்டத்தின் இயல்பு, வடிவம், இரு பொருள்களுள் ஒவ்வொன்றாலும் வரும் விளைவு, மீறலுக்குத் தண்டனை கூறப்பட்டுள்ளதா என்பது ஆகியவற்றை ஆய்ந்தே முடிவு காண வேண்டும் என விளக்கினார்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் எதிர்வாதி எழுத்துரை தாக்கல் செய்யும் காலவரம்பு இதற்கு மிகத் தெளிவான சான்றாகும். 2002 திருத்தத்துக்குப் பின் 8ஆம் கட்டளையின் முதல் விதி 30 நாள் என்றும், நீட்டித்தாலும் 90 நாளைக் கடக்கக் கூடாது என்றும் ‘ஷல்’ கொண்டு கூறியது. எதிர்மறை வாய்பாட்டில் அமைந்தும், கைலாஷ் எதிர் நன்கு வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இதனை வழிகாட்டும் விதியாகவே கொண்டது. நடைமுறை நீதிக்குத் துணை நிற்பதேயன்றி அதனை மறிப்பதன்று என்பது காரணம். பின்னர் 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வணிக வழக்குகளுக்கு 120 நாள் வரம்பு விதித்தது. அங்கே காலம் கடந்தால் எதிர்வாதி எழுத்துரை தாக்கல் செய்யும் உரிமையை இழப்பார் என்றும் நீதிமன்றம் அதனை ஏற்கலாகாது என்றும் விளைவு சேர்த்துச் சொல்லப்பட்டது. 2019இல் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் இது கட்டாயம் எனத் தீர்ப்பாயிற்று. வினை இரண்டிலும் ஒன்றே. வேறுபாட்டை உண்டாக்கியது அதைத் தொடர்ந்து வந்த விளைவுக் கூற்று. நுகர்வோர் வழக்குகளில் எதிர்த்தரப்புக்கு உரிய 30 நாளும் கூடுதல் 15 நாளும் கடக்க இயலாதவை என 2020இல் அரசியல்சாசன அமர்வு ஹில்லி குளிர்பதனக் கிடங்கு வழக்கில் கூறியபோதும், சட்டம் முழுவதிலும் விரைவுத் தீர்வு நோக்கம் இழையோடியதையே சான்றாகக் கொண்டது.

இத்தகைய வழக்குகளின் பெருக்கமே பிற நாடுகள் இச்சொல்லைக் கைவிடக் காரணமாயிற்று. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பு ‘மஸ்ட்’ என்பதைத் தேர்ந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் புதுநடையில் அமைந்தபோது ‘ஷல்’ நீக்கப்பட்டது. ஆஸ்திரேலிய, பிரிட்டன் சட்ட வரைவாளர்களும் இதே வழியில் சென்றுள்ளனர். இந்தியச் சட்டங்கள் இன்றும் பெரிதும் இதனையே ஆள்கின்றன.

தமிழ் இணைகள்

வேர்ப்பொருள் நோக்கில் ‘ஷல்’ என்பதற்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் ‘கடவது’ ஆகும். கடன், கடமை, கடப்பாடு ஆகியவற்றோடு உறவுடைய இவ்வினைமுற்று, கடன்பட்ட நிலையையும் செய்தே ஆக வேண்டிய நிலையையும் ஒருங்கே உணர்த்துகிறது. சோழர் கல்வெட்டுகளில் ‘கடமை’ நிலவரியையும் குறித்தது. நந்தாவிளக்குக் கொடைகளில், ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட, அவற்றைப் பெற்றவர்கள் நாள்தோறும் நெய் அளக்க ஒப்புக்கொள்ளும் இடத்தில் ‘கடவேன்’, ‘கடவோம்’ எனத் தன்மை முற்றுகள் வருகின்றன. பெற்ற ஆடு கடன். அளக்கும் நெய் கடமை. இரண்டும் ஒரே வினையில் அடங்குகின்றன. லூக்கா நற்செய்தியின் பழைய ஆங்கிலப் பெயர்ப்பில் எண்ணெய்க்கும் கோதுமைக்கும் கடன்பட்டோரிடம் வினவப்பட்ட வினையோடு இதனை ஒப்பிடுவது பொருத்தமாகும். இரு மொழிகளுக்கும் இடையே தொடர்பு ஏதும் இல்லை. கடன் என்னும் உறவிலிருந்து கட்டாயம் என்னும் இலக்கணப் பொருள் தோன்றுவது மாந்தர் வாழ்வு தந்த ஒப்புமை.

பழைய பத்திரங்களில் நெடுங்காலம் நிலவிய ‘கடவேன்’ இன்று சட்டத்தமிழில் வழக்கிழந்துள்ளது. தமிழ் விவிலியத்தில் ‘கடவது’ படைப்பாணைக்கும் வாழ்த்துக்கும் சாபத்துக்கும் பயன்பட்டதால் அது சமய மணம் பெற்றுவிட்டது. ஆங்கில விவிலியத்தின் பத்துக் கட்டளைகளில் ‘ஷல்’ வரும் இடங்களைத் தமிழ்ப் பெயர்ப்பு ‘ஆயாக’ என முடியும் வியங்கோளால் தந்தது.

வியங்கோளும் இவ்வாய்வுக்கு உரியதே. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்னும் அதன் பொருள்களுள் விதித்தல் சட்ட ‘ஷல்’ என்பதோடு நேரே பொருந்தும். தொல்காப்பியர் வினையியலில் வியங்கோள் முன்னிலையிலும் தன்மையிலும் நிலைபெறாது என்றார். நன்னூலாரோ அது இடம், பால் எல்லாவற்றிலும் வரும் என்றார். ஒரு விதிப்பொருள் வினை எந்த இடத்துக்கு உரியது என்னும் வினா வாலிஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழில் எழுந்துள்ளது. பவணந்தியார் வழக்கு மாறியதை ஏற்று விதியை மாற்றினார். ஆங்கிலப் பள்ளி இலக்கணம் வழக்கை மறுத்து விதியைக் காத்தது.

இன்றைய சட்டத்தமிழில் பெருவழக்குடையது ‘வேண்டும்’. ‘செய்தல் வேண்டும்’, ‘செய்யப்படுதல் வேண்டும்’ என்பன அதன் வடிவங்கள். இதன் வேர்ப்பொருள் விரும்புதல், இரத்தல் என்பதை ‘வேண்டுதல்’ என்னும் சொல் இன்றும் காட்டும். ஆங்கிலத்தில் விருப்ப வேர் எதிர்காலமாகவும் கடன் வேர் கட்டளையாகவும் அமைய, தமிழில் விருப்ப வேரே கட்டளையாகிவிட்டது.

ஆனால் எல்லா ‘ஷல்’ வினைகளும் ‘வேண்டும்’ ஆவதில்லை. சட்டத்தின் பெயரைக் கூறும் முதற்பிரிவில் ‘என வழங்கப்படும்’ என எதிர்கால முற்றே பொருந்தும். அங்கே கடமை ஏற்பவர் எவரும் இல்லை. கற்பிதக் கூற்றில் ‘எனக் கொள்ளப்படும்’ என்பதும், உரிமை வழங்கும் இடத்தில் ‘உரிமையுடையவர் ஆவார்’ என்பதும், அமைப்பொன்றை நிறுவும் இடத்தில் ‘இருக்கும்’ என்பதும் வரும். இவ்விடங்களில் ‘வேண்டும்’ எழுதினால் எவருக்கோ ஒரு கடமை இருப்பதாக மயக்கம் எழும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவற்றைப் பிரித்தெழுதும்போது, ஆங்கில வரைவாளர் தவிர்த்துச் சென்ற முடிவை அவர் எடுக்கிறார்.

எதிர்மறையில் இப்பொறுப்பு மிகுகிறது. ‘எவரும்’ என்னும் எழுவாயோடு வரும் ஆங்கில ‘ஷல்’ தடை, எழுவாயிலேயே எதிர்மறையைக் கொண்டது. சொல்லளவில் பிரித்தால் ‘செய்தல் வேண்டும் எனக் கடப்பாடு உடையவர் எவரும் இல்லை’ என்றே பொருள்படும். கடப்பாடு இல்லாமை தடையாகாது. ஆகவே இசைவை மறுக்கும் ‘மே’ வினையே அங்கு ஏற்றது என ஆங்கில வரைவுநூலார் வாதிடுவதுண்டு. தமிழில் ‘வேண்டும்’ என்பதை எதிர்மறையாக்கினால் ‘வேண்டியதில்லை’ என்றோ ‘வேண்டா’ என்றோ வரும். முன்னது விலக்களிப்பு, பின்னது பேச்சில் மென்மையான தடை. இரண்டும் சட்டத் தடைக்கு உதவா. எனவே சட்டத்தமிழ் இசைவு வினைக்குச் செல்கிறது. ‘செய்யலாம்’ என்பது ‘செய்யல் ஆம்’. அதன் நேர் எதிர்மறை ‘செய்யலாகாது’. இசைவை மறுத்துத் தடையை ஆக்கும் இம்முறை, ஆங்கில வரைவுநூலார் வேண்டிய ஏரண வடிவத்தோடு முற்றும் ஒத்துள்ளது. ‘கூடாது’ என்பதும் தடைக்கு வரும். ஆனால் அதன் உடன்பாடான ‘கூடும்’ இன்று நிகழ்வாய்ப்பையே குறிப்பதால் இணை நேராக அமையவில்லை. இசைவுக்கு ‘லாம்’, தடைக்கு ‘லாகாது’ என ஒரு சட்டம் முழுவதும் ஒரே இணையை ஆள்வது மயக்கத்தைத் தவிர்க்கும்.

இத்தெரிவு நடையழகு பற்றியதன்று. 1973ஆம் ஆண்டின் அதிகாரமுறைப் பாடங்கள் (நடுவண் சட்டங்கள்) சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தில் வெளியிடப்படும் நடுவண் சட்டத் தமிழாக்கம் அதிகாரமுறைப் பாடமாகவே கொள்ளப்படும். மறுபுறம், அரசமைப்பின் 348(3) பிரிவின்படி, மாநிலச் சட்டமன்றம் தன் மொழியில் இயற்றிய சட்டத்துக்கு ஆளுநரின் அதிகாரத்தில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பு அதிகாரமுறைப் பாடமாகிறது. தமிழில் தெளிவாக எழுதப்பட்ட ‘ஆவார்’, ‘வழங்கப்படும்’, ‘வேண்டும்’ மூன்றும் ஆங்கிலத்துக்குச் செல்லும்போது மீண்டும் ஒரே ‘ஷல்’ வினைக்குள் புதைந்து, பின்னர் வழக்காடலுக்கு உள்ளாக நேரும். இலங்கையில் சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட்டு ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியாகின்றன. முரண் எழுமிடத்துச் சிங்களப் பாடமே மேலோங்கும் எனச் சட்டங்களின் இறுதிப் பிரிவுகள் கூறுவது வழக்கம். அங்கே தமிழ் வினைமுடிபின் துல்லியம் மற்றொரு மொழியின் வினைமுடிபைச் சார்ந்து நிற்கிறது.

எஞ்சியுள்ள சிக்கல் ‘ஷுட்’ பற்றியது. தரநிலை ஆவணங்களில் ‘ஷல்’, ‘ஷுட்’ இரண்டையும் ‘வேண்டும்’ எனப் பெயர்க்கும் வழக்கம் பரவலாக உள்ளது. மின்கம்பி இணைப்புக்கான ஒரு குறிப்பில் கட்டாயமும் பரிந்துரையும் ஒரே சொல்லால் சொல்லப்பட்டால், பணியாளர் இரண்டையும் கட்டாயமாகக் கொள்வார் அல்லது இரண்டையும் அறிவுரையாகக் கொள்வார். பின்னது உயிருக்குக் கேடு. பரிந்துரைக்குச் ‘செய்வது நலம்’ என்னும் தொடர் வழக்கில் உள்ளது. ‘செய்யத்தக்கது’ என்பது அதனினும் சுருக்கமானது. ‘தகும்’, ‘தகாது’ என எதிர்மறையும் உடைய இவ்வினை பெரும்பாலும் நீதிநூல் நடைக்குள் ஒதுங்கி நிற்கிறது.